தாத்தா காலத்து வால்வு ரேடியோ: பிளக்கில் செருகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

பழைய வீட்டை இடிக்கும்போதோ, பாகம் பிரிக்கும்போதோ பரணிலிருந்து ஒரு மரப்பெட்டி இறங்கும். முன்பக்கம் துணி, கண்ணாடி டயல், பெரிய பெரிய குமிழ்கள். தூசி தட்டி முடிப்பதற்குள் வீட்டில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "பாடுதான்னு போட்டுப் பார்க்கலாமா?"

வேண்டாம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான் நினைவில் நிற்கும் என்றால், அது இதுவாகவே இருக்கட்டும்.

முப்பது, நாற்பது வருடங்கள் சும்மா கிடந்த வால்வு ரேடியோவை நேராக 230 வோல்ட்டில் போட்டால், அதுவரை நன்றாக இருந்த பாகங்கள்கூட சில நிமிடங்களில் கருகிவிடலாம். சில மாடல்களில் அதைத் தொடுபவரின் உயிருக்கே ஆபத்து. ஆனால் சரியான வரிசையில் வேலை செய்தால் இந்த ரேடியோக்களில் பலவற்றை மறுபடியும் பாட வைக்க முடியும். அந்த வரிசை என்ன, ஏன் என்று பார்க்கலாம்.

வால்வு என்றால் என்ன?

காற்று நீக்கப்பட்ட சிறிய கண்ணாடிக் குடுவைதான் வால்வு. உள்ளே ஒரு கம்பி மின்சாரத்தில் சூடாகும். அந்தச் சூட்டில் கேத்தோடு என்ற பகுதியிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி, ஆனோடு என்ற தகட்டை நோக்கி ஓடும். நடுவில் கிரிட் என்று ஒரு கம்பி வலை உண்டு. அந்த வலைக்குக் கொடுக்கும் சிறிய மின்னழுத்தம், எவ்வளவு எலெக்ட்ரான் கடந்து போகலாம் என்பதைத் தீர்மானிக்கும். குழாயைக் கொஞ்சம் திருகினால் தண்ணீர் நிறைய வருவது மாதிரிதான். சிறிய சிக்னல் பெரிதாவது இப்படித்தான்.

ஆங்கிலேயரான ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் 1904-ல் இரண்டு மின்முனைகள் கொண்ட வால்வை உருவாக்கினார். அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் 1906-ல் மூன்றாவது மின்முனையைச் சேர்க்கும் முயற்சியைத் தொடங்கினார். 1947-ல் டிரான்சிஸ்டர் வந்தது. முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ 1954-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இந்திய வீடுகளில் 1960-களிலும் வால்வு ரேடியோக்கள் பாடிக்கொண்டுதான் இருந்தன.

பெரும்பாலான வீட்டு ரேடியோக்களில் ஐந்து வால்வுகள் இருக்கும். ஒன்று வரும் அலைவரிசையை மாற்றும். இரண்டாவது அதைப் பெருக்கும். மூன்றாவது அதிலிருந்து ஒலியைப் பிரிக்கும். நான்காவது ஸ்பீக்கரை ஓட்டும். ஐந்தாவது ஏசி மின்சாரத்தை டிசி ஆக்கும். ஆறாவதாகப் பச்சை ஒளியில் கண் போல விரிந்து சுருங்கும் 'மேஜிக் ஐ' இருந்தால், அந்தக் காலத்தில் அது கொஞ்சம் வசதியான வீட்டு ரேடியோ.

இந்தியாவுக்கு இவை எப்படி வந்தன?

1930-ல் அரசு நடத்தத் தொடங்கிய இந்திய ஒலிபரப்புச் சேவைக்கு 1936-ல் ஆல் இந்தியா ரேடியோ என்று பெயர் மாறியது. ஆரம்பத்தில் ரேடியோக்கள் பெரும்பாலும் இறக்குமதி. பிறகு பிலிப்ஸ், மர்ஃபி, புஷ், எச்எம்வி, ஜிஇசி, நேஷனல் எக்கோ என்று பல பெயர்கள் இங்கேயே வலம் வந்தன. உதட்டில் விரல் வைத்த மர்ஃபி குழந்தை படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீங்க.

1950-களில் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்தபோது, ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டுக்கு இடம் குறைந்தது. நேயர்கள் சிற்றலையில் ரேடியோ சிலோன் பக்கம் திரும்பினார்கள். இந்தி நேயர்களுக்கு 1952-ல் தொடங்கிய 'பினாகா கீத்மாலா', தமிழ் நேயர்களுக்கு இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை. 1957 அக்டோபர் 3-ல் விவித் பாரதி தொடங்கியதற்கு இந்தப் போட்டியும் ஒரு காரணம்.

வால்வுகளையும் இங்கேயே செய்தோம். 1954-ல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான பாரத் எலெக்ட்ரானிக்ஸ், பெங்களூரு ஜலஹள்ளியில் 1961 முதல் ரேடியோ வால்வுகளைத் தயாரித்தது. உங்கள் ரேடியோவில் 'பிஇஎல்' முத்திரையுள்ள வால்வு இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இன்னொன்றும் இருந்தது: லைசென்ஸ். வீட்டில் ரேடியோ வைத்திருக்க தபால் நிலையத்தில் கட்டணம் கட்டி, சிறிய புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். 1980-களின் நடுவில்தான் இந்த முறை முடிவுக்கு வந்தது. ரேடியோவோடு அந்தப் புத்தகமும் கிடைத்தால் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீங்க. ரேடியோ எந்த ஆண்டில் யார் பெயரில் இருந்தது என்பதற்கு அதுதான் கையில் இருக்கும் சான்று.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

வேலையைத் தொடங்கும் முன் இதற்குத்தான் பதில் வேண்டும். இந்திய வீடுகளில் மூன்று வகை இருந்தன.

முதல் வகை, டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஏசி ரேடியோ. தூக்கினால் கனமாக இருக்கும். இதன் வால்வு எண்கள் பெரும்பாலும் 'இ' என்ற எழுத்தில் தொடங்கும்: இசிஎச்81, இஎஃப்89, இஎல்84 என்று. 'இ' என்றால் உள்ளே சூடாகும் கம்பிக்கு 6.3 வோல்ட் வேண்டும் என்று அர்த்தம்.

இரண்டாவது வகை, ஏசி/டிசி ரேடியோ. அந்தக் காலத்தில் கல்கத்தா போன்ற நகரங்களின் சில பகுதிகளில் டிசி மின்சாரம் இருந்தது. டிசியில் டிரான்ஸ்ஃபார்மர் வேலை செய்யாது. அதனால் அது இல்லாமலேயே, எல்லா வால்வுகளின் சூட்டுக் கம்பிகளையும் சீரியல் செட் பல்பு மாதிரி வரிசையாகக் கோர்த்தார்கள். யுசிஎச்42, யுஎஃப்41, யுபிசி41, யுஎல்41, யுஒய்41 என்ற ஐந்தையும் கோர்த்தால் மொத்தம் சுமார் 117 வோல்ட். மீதியை ஒரு பெரிய ரெசிஸ்டர் சூடாகச் செலவழிக்கும். 'யு' எழுத்தைப் பார்த்தால் உஷாராகிவிடுங்கள்.

மூன்றாவது வகை, மின்சாரம் வராத ஊர்களுக்கான பேட்டரி ரேடியோ. டிகே96, டிஎல்96 போன்ற 'டி' வால்வுகள் இதில் இருக்கும். சூட்டுக்கு 1.4 வோல்ட், ஆனோடுக்கு 90 வோல்ட் என இரண்டு விதமான சப்ளை இதற்குத் தேவை. இதை வீட்டு மின்சாரத்தில் நேராகக் கொடுத்தால் அத்தனை வால்வும் நொடியில் போய்விடும்.

1940, 50-களின் பிலிப்ஸ் ரேடியோ என்றால் பின்பலகையில் உள்ள மாடல் எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 'ஏ' என்றால் ஏசி, 'யு' என்றால் ஏசி/டிசி, 'பி' என்றால் பேட்டரி.

தொட்டாலே ஷாக் அடிக்குமா?

ஏசி/டிசி ரேடியோவில் அடிக்கலாம். பிளக்கின் ஒரு கம்பி நேராக உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்தோடு, அதாவது சேஸிஸோடு இணைந்திருக்கும். பழைய இரண்டு முள் பிளக்கைத் திருப்பிச் செருகிவிட்டால் அந்தச் சேஸிஸ் முழுக்க 230 வோல்ட் நிற்கும். பாதுகாப்பு என்பது மரப்பெட்டியும் பின்பலகையும் பிளாஸ்டிக் குமிழ்களும் மட்டும்தான்.

அதனால்தான் குமிழ் ஒன்று காணாமல் போய் வெறும் உலோகத் தண்டு நீட்டிக்கொண்டிருப்பது சின்னக் குறை இல்லை. குமிழை இறுக்கும் திருகு இருக்கும் துளையைக்கூட மெழுகு வைத்து அடைத்ததற்குக் காரணம் இதுதான். சுவிட்சை அணைத்தாலும் நம்ப முடியாது. சில இணைப்புகளில் சூட்டுக் கம்பிகள் வழியாகவே சேஸிஸுக்கு மின்சாரம் வரும்.

"சரி, சேஸிஸில் எர்த் கம்பி கொடுத்துவிடலாமே" என்று தோன்றலாம். இந்த வகையில் அது தவறு. சேஸிஸ் ஏற்கெனவே மெயின்ஸோடு இணைந்திருப்பதால், நேராக ஷார்ட் ஆகும். டிரான்ஸ்ஃபார்மர் தனியாகப் பிரித்துக் கொடுக்கும் ஏசி ரேடியோவில் மட்டும் மூன்று கம்பி வயரும் எர்த்தும் நல்ல பாதுகாப்பு.

எந்த வகை என்று சந்தேகமா? பிளக்கை வெளியே எடுத்துவிட்டு, ரேடியோவின் சுவிட்சை மட்டும் 'ஆன்' நிலையில் வையுங்கள். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, பிளக்கின் ஒவ்வொரு முள்ளுக்கும் சேஸிஸுக்கும் நடுவே அளந்து பாருங்கள். சில ஓம்கள் மட்டுமே காட்டினால் சேஸிஸ் மெயின்ஸோடு இணைந்திருக்கிறது. ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வைத்த சில ஏசி ரேடியோக்களும் இப்படித்தான். கனமாக இருக்கிறது என்பதற்காகப் பாதுகாப்பானது என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஏன் உடனே போட்டுப் பார்க்கக் கூடாது?

எல்லாரும் பயப்படுவது வால்வுக்கு. உண்மையில் கண்ணாடி உடையாமல் இருந்தால் வால்வு பல பத்தாண்டுகள் தாங்கும். முதலில் கெடுவது கெபாசிட்டர். பழைய மெக்கானிக்குகள் இதைக் கண்டென்சர் என்பார்கள்.

ஒன்று, மெயின் சப்ளையில் இருக்கும் பெரிய எலெக்ட்ரோலைட்டிக் கண்டென்சர். இது காலப்போக்கில் காய்ந்துபோகும். லேசாகக் கெட்டால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று உறுமல் கேட்கும். முழுக்க ஷார்ட் ஆனால் ரெக்டிஃபையர் வால்வையும் மெயின் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். அந்த டிரான்ஸ்ஃபார்மர் கடையில் கிடைக்காது. காயில் புதிதாகச் சுற்ற வேண்டும்.

இரண்டாவது, மெழுகில் தோய்த்த பேப்பர் கண்டென்சர்கள். ஈரப்பதம் ஏறி, மின்சாரத்தைக் கசிய விடும். இதில் மிக முக்கியமானது, ஒலியைப் பெருக்கும் வால்வுக்கும் ஸ்பீக்கரை ஓட்டும் வால்வுக்கும் நடுவில் உள்ள ஒரே ஒரு சின்னக் கண்டென்சர்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இந்தக் கண்டென்சரின் ஒரு பக்கம் 100 வோல்ட். அதன் காப்பு 10 மெகா ஓம் அளவுக்குக் குறைந்துவிட்டது. மறுபக்கம் கிரிட்டில் 470 கிலோ ஓம் ரெசிஸ்டர். அப்படியென்றால் கிரிட்டில் சுமார் 4.5 வோல்ட் வந்து நிற்கும். இஎல்84 வால்வு சாதாரணமாக வேலை செய்ய, கேத்தோடை விட கிரிட் சுமார் 7.3 வோல்ட் தாழ்வாக இருக்க வேண்டும். அந்தச் சமநிலை குலைந்ததும் வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும். முதலில் பாட்டு கரகரக்கும். பிறகு வால்வு போகும். அடுத்து அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்.

அதாவது, மிக மலிவான ஒரு கண்டென்சரை மாற்றாமல் விட்டதற்காக, எளிதில் கிடைக்காத இரண்டு பாகங்களை இழக்கிறோம். "ஒரு பத்து நிமிஷம் நல்லாத்தான் பாடுச்சு, அப்புறம் நின்னுடுச்சு" என்று பலர் சொல்வதன் பின்னணி பெரும்பாலும் இதுதான்.

சரி, எந்த வரிசையில் வேலை செய்வது?

மின் வேலை பழக்கம் இல்லாதவர் என்றால் முதல் இரண்டு படியோடு நிறுத்திக்கொண்டு, மீதியைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். உள்ளே 200 முதல் 300 வோல்ட் டிசி ஓடும். பிளக்கை எடுத்த பிறகும் கண்டென்சரில் அது தங்கியிருக்கும்.

1. படம் எடுங்கள். உள்ளே, வெளியே, எந்த வால்வு எந்த சாக்கெட்டில் என்று எல்லாக் கோணத்திலும். பின்பலகையில் ஒட்டிய காகிதத்தைக் கிழிக்காதீர்கள்.

2. கண்ணால் பாருங்கள். வயர் ரப்பர் பொடிப்பொடியாக உதிர்கிறதா? எலி கடித்திருக்கிறதா? வால்வின் உள்ளே வெள்ளி நிறப் பூச்சு இருந்தால் நல்லது. அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு முடிந்தது. டயல் கண்ணாடியில் தண்ணீரோ கிளீனரோ போட்டுத் துடைக்காதீர்கள். ஊர்ப் பெயர்கள் துணியோடு வந்துவிடும்.

3. மெயின் வயர், பிளக், ஃப்யூஸ் ஆகியவற்றைப் புதிதாக மாற்ற வேண்டும். வோல்டேஜ் தேர்வு செய்யும் கட்டை 110-ல் இருந்தால் நம் ஊர் மின்சாரத்துக்கு ஏற்ற நிலைக்கு மாற்ற வேண்டும்.

4. எல்லாப் பேப்பர் கண்டென்சர்களையும், காய்ந்த எலெக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்களையும் மாற்ற வேண்டும். மெயின்ஸுக்குக் குறுக்கே வருவதற்கு எக்ஸ் வகுப்பு கண்டென்சர். சேஸிஸில் மெயின்ஸ் உள்ள ரேடியோவில் ஏரியல், எர்த் சாக்கெட்டுக்குப் போகும் இடத்தில் ஒய் வகுப்பு. அந்தக் கண்டென்சர் கசிந்தால் ஜன்னலுக்கு வெளியே கட்டிய ஏரியல் கம்பியிலேயே மின்சாரம் பாயும்.

5. ரெசிஸ்டர்களை அளக்க வேண்டும். பழைய கார்பன் ரெசிஸ்டர்களின் மதிப்பு காலப்போக்கில் ஏறியிருக்கும்.

6. இதற்குப் பிறகுதான் மின்சாரம், அதுவும் சீரியஸ் லாம்ப் வழியாக. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ரேடியோவில், வரிசையில் ஒரு 60 வாட் குண்டு பல்பை இணைத்துப் போட்டால், பல்பு ஒரு கணம் எரிந்து மங்க வேண்டும். பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே ஷார்ட். எல்இடி பல்பு இதற்கு உதவாது. சீரியஸ் லாம்ப் ரேடியோவைக் காப்பாற்றும், உங்களை ஷாக்கிலிருந்து காப்பாற்றாது. சேஸிஸில் மெயின்ஸ் உள்ள ரேடியோவைத் திறந்து வேலை செய்ய ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

மைக் செட் கடைகளில் கிடைக்கும் பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர்களுக்கும் இதே வரிசைதான். அவற்றில் வோல்டேஜ் இன்னும் அதிகம், எச்சரிக்கையும் அதற்கேற்ப அதிகம் வேண்டும். ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு ஆம்ப்ளிஃபையரை ஓட்டவும் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் சேதமாகலாம்.

வால்வுகள் இன்னும் கிடைக்குதா?

சில வகை புதிதாகவே கிடைக்குது. இஎல்84, இஎல்34, இசிசி83 போன்றவை கிட்டார் ஆம்ப்ளிஃபையர்களுக்கும் விலை உயர்ந்த ஆடியோ கருவிகளுக்கும் தேவைப்படுவதால் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனாவில் இன்றும் தயாராகின்றன.

ரேடியோவுக்கு மட்டுமே பயன்பட்ட இசிஎச்81, யுஎல்41 போன்றவற்றுக்கு அந்தக் காலத்தில் தயாரித்து விற்காமல் கிடந்த சரக்கையே நம்ப வேண்டும். மும்பை லேமிங்டன் ரோடு, டெல்லி லஜ்பத் ராய் மார்க்கெட், கொல்கத்தா சாந்தினி மார்க்கெட், பெங்களூரு எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் ஆகிய இடங்களில் விசாரித்துப் பார்க்கலாம். ஓடாத ஒரு ரேடியோவை வால்வுகளுக்காகவே வாங்கி வைக்கும் சேகரிப்பாளர்களும் உண்டு.

வாங்கப் போகிறீர்களா? எதைப் பார்க்க வேண்டும்?

மும்பை சோர் பஜார் போன்ற இடங்களில் 'ஆன்டிக்' என்று சொல்லி விற்பார்கள். 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, பொதுவாக 100 ஆண்டு ஆன பொருள்தான் தொல்பொருள். 1950-களின் ரேடியோ அதில் வராது. அதனால் பதிவு எதுவும் தேவையில்லை, அந்தச் சொல்லுக்காக விலை கூட்டிக் கொடுக்கவும் தேவையில்லை.

முக்கியமாக, பின்பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பெட்டி பளபளவென்று இருக்கும், உள்ளே வால்வு, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் பிடுங்கப்பட்டு ஒரு புளூடூத் போர்டு மட்டும் இருக்கும். அலங்காரத்துக்கு அது போதும் என்றால் வாங்குங்கள். ஆனால் அது வால்வு ரேடியோ இல்லை, அந்த விலையும் கொடுக்க வேண்டாம்.

பார்க்க வேண்டிய வரிசை: டிரான்ஸ்ஃபார்மர், டயல் கண்ணாடி, குமிழ்கள், பின்பலகை. வால்வும் கண்டென்சரும் தேடினால் கிடைக்கும். உடைந்த டயல் கண்ணாடிக்கு மாற்று கிடைப்பது அபூர்வம். "ஓடுது" என்பதற்காகக் கூடுதல் விலை கேட்டால், கண்டென்சர்கள் மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். மாற்றாமல் ஓடும் ரேடியோ, எப்போது வேண்டுமானாலும் நிற்கக்கூடிய ரேடியோ.

சரி செய்த பிறகு என்ன கேட்கும்?

இங்கே கொஞ்சம் ஏமாற்றம் காத்திருக்கிறது. இந்தியாவில் பண்பலை ஒலிபரப்பு முதலில் வந்ததே 1977-ல், சென்னையில்தான். அதனால் இங்கே விற்ற வால்வு ரேடியோக்களில் பெரும்பாலும் எஃப்எம் கிடையாது. மத்திய அலையும் சிற்றலையும் மட்டும்தான்.

அந்த இரண்டும் சுருங்கிவிட்டன. பிபிசியின் தமிழ் வானொலி 2017 ஏப்ரலிலும், இந்தி வானொலி 2020 ஜனவரியிலும் நின்றுவிட்டன. ஆகாஷ்வாணியும் பல ஊர்களில் பழைய டிரான்ஸ்மிட்டர்களை நிறுத்தியிருக்கிறது. டிஜிட்டல் முறையில் மட்டும் வரும் ஒலிபரப்பை இந்த ரேடியோக்கள் எடுக்காது. போதாக்குறைக்கு, வீட்டில் இருக்கும் மலிவான எல்இடி பல்பும் மொபைல் சார்ஜரும் மத்திய அலையில் இரைச்சல் கிளப்பும். அவற்றை அணைத்துவிட்டு, ஐந்து முதல் பத்து மீட்டர் கம்பியை ஏரியலாகக் கட்டி, இரவில் முயன்று பாருங்கள். மத்திய அலை இரவில்தான் தூரம் போகும்.

இன்னொரு வழி, பின்னால் இருக்கும் 'கிராம்' சாக்கெட். ரெக்கார்டு பிளேயருக்காக வைத்தது. டிரான்ஸ்ஃபார்மரால் பிரிக்கப்பட்ட ஏசி ரேடியோவில் அதன் வழியாக மொபைல் பாட்டைக் கேட்கலாம். ஏசி/டிசி ரேடியோவில் மொபைலை வயரால் நேராக இணைக்கவே கூடாது. சேஸிஸில் இருக்கும் 230 வோல்ட் உங்கள் கையில் இருக்கும் போனுக்கு வரும்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்பது?

வால்வு வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கிடைத்தவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். பேப்பர் கண்டென்சர் எல்லாவற்றையும் மாற்றுவீங்களா? சீரியஸ் லாம்ப் போட்டுத்தான் முதலில் ஓட்டுவீங்களா? கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கொடுப்பீங்களா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் நம்பிக் கொடுக்கலாம். "வால்வை எல்லாம் எடுத்துட்டு போர்டு வெச்சுத் தர்றேன்" என்றால் ரேடியோவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

என்ன மாற்றப்பட்டது, எந்தத் தேதியில் என்று ஒரு சீட்டில் எழுதி பின்பலகையின் உள்பக்கம் ஒட்டுங்கள். சேஸிஸில் மெயின்ஸ் உள்ள ரேடியோ என்றால் அதையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அடுத்து அதைத் திறக்கப் போகிறவர் உங்கள் மகனோ பேத்தியோவாக இருக்கலாம்.